வறண்ட வருஷத்தில் எந்தக் குளத்தைக் கைவிடுவது?

அமெரிக்காவில் ஒவ்வொரு தேசிய காட்டுயிர்ச் சரணாலயத்துக்கும் ஒரு நீண்டகாலப் பாதுகாப்புத் திட்டம் வேண்டும், அதை 15 ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும் என்று 1997-இல் சட்டம் வந்தது. ஒரே வழியைச் சொல்லி முடித்துவிடவும் முடியாது. 1969-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி, 'இப்போது செய்வதையே தொடர்வது' உட்படப் பல வழிகளையும் எடைபோட்டுக் காட்ட வேண்டும். கொலராடோ, வயோமிங் உயர் சமவெளிகளில் உள்ள ஈரநிலச் சரணாலயங்களுக்கு என் பார்வையில் முக்கியமான வழிகள் மூன்று. நடப்பதை அப்படியே தொடரலாம். கரையும் மதகும் கட்டி, வாத்துகளுக்காகக் குளங்களை நிரப்பி வைக்கலாம். அல்லது ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

மூன்றிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வறண்ட வருஷத்தில் தண்ணீர் எங்கிருந்து வரும்? கடல்மட்டத்திலிருந்து 2,200 முதல் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த நிலங்களில் மழை மிகக் குறைவு. மலையில் விழும் பனி கோடைத் தொடக்கத்தில் உருகி வருவதுதான் பெரிய வரத்து. காற்றும் வெயிலும் சேர்ந்து அதையும் வேகமாகக் குடித்துவிடும்.

முதலில் வாத்து வழி. கொலராடோவின் நார்த் பார்க் பள்ளத்தாக்கில் உள்ள அரபாஹோ சரணாலயம் 1967-இல் உருவானதே இதற்காகத்தான். வடக்குப் புல்வெளிகளில் குட்டைகள் உழவுக்குப் பலியானதால் வாத்துகள் இழந்த கூடுகட்டும் இடத்துக்கு இது ஈடு. 1934 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு அனுமதியாக வேட்டைக்காரர்கள் வாங்கும் 'வாத்து ஸ்டாம்ப்' பணத்தில் நாடெங்கும் சரணாலய நிலம் வாங்கப்படுகிறது. அதனால் வாத்துக்கு முதலிடம் கொடுப்பதில் நியாயம் உண்டு. சரணாலயத்தின் ஊடே ஓடும் இல்லினாய் ஆற்று நீரை வாய்க்காலில் திருப்பிக் குளங்களை நிரப்பினால் பலன் அந்தப் பருவத்திலேயே கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் அப்புறம்தான் வருகிறது. எப்போதும் நிரம்பியே இருக்கும் குளம் மெல்லச் சோர்ந்துபோகும். அடிச்சேறு காய வழியில்லை. சேற்றில் கிடக்கும் விதைகள் முளைக்க வாய்ப்பில்லை. குளம் ஒரு பருவம் காய்ந்து மறுபடி நிரம்பும்போதுதான் பூச்சிகளும் புழுக்களும் பெருகும். வாத்துக் குஞ்சுகளுக்கு அவைதான் தீனி. ஆக, வாத்துக்காகவே நடத்தினாலும் குளத்தைக் காயவிடத்தான் வேண்டும்.

ஆற்றை மீட்கும் வழி எனக்குப் பிடித்தது. கரையோர வில்லோ புதர்கள் திரும்பினால் மூஸ் மான்களுக்குத் தழையும், சிறு பறவைகளுக்குக் கூடும், மீன்களுக்கு நிழலும் கிடைக்கும். ஈரப் புல்வெளிகளில்தான் சேஜ் புதர்க்காட்டுக் கோழிகள் குஞ்சுகளைக் கூட்டிவந்து மேயவிடுகின்றன. ஆனால் பலன் தெரியப் பல வருஷம் பொறுக்க வேண்டும். சில குளங்கள் நிரந்தரமாகவே போய்விடும். அதைச் சரணாலயத்தார் மனசாரச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதே என் வருத்தம்.

சரி, 'அப்படியே தொடர்வது' சோம்பேறி வழிதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வயோமிங்கின் லாரமி சமவெளியைப் பற்றிப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன். அங்கே ஈரநிலங்களுக்கு வரும் நீரில் பெரும்பங்கு பக்கத்துப் பண்ணைகளில் புல்லுக்குப் பாய்ச்சும் நீரின் கசிவு. மண் வாய்க்காலில் பொசிவதும் வயலில் தேங்கி இறங்குவதும்தான் குட்டைகளை உயிரோடு வைத்திருக்கின்றன. நீரை மிச்சப்படுத்துகிறோம் என்று வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசினால், தெளிப்பான் போட்டால், காய்வது ஈரநிலம். 'வீண்' என்று கணக்கில் எழுதுகிற நீர்தான் அங்கே ஒரு பறவையின் கூட்டைச் சுற்றி நிற்கிறது.

அந்தச் சமவெளியில் பறவை மட்டும் இல்லை. வயோமிங் தேரை உலகிலேயே அங்கு மட்டும் வாழ்ந்தது. 1984-இல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. அற்றேபோய்விட்டது என்று நினைத்த பிறகு, 1987-இல் மார்டென்சன் ஏரியில் மீண்டும் தென்பட்டது. அந்த ஏரி 1993-இல் சரணாலயம் ஆனது. கூண்டில் வளர்த்துக் குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தவளை, தேரைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை நோய் இன்னும் விரட்டுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் நீர்வரத்தைத் திடீரென்று மாற்றிப் பரிசோதனை செய்ய எனக்குத் துணிச்சல் வராது.

எந்த வழியானாலும் நீர் உரிமை இல்லாவிட்டால் எல்லாம் காகிதத்தோடு நிற்கும். மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது சட்டம். ஆனால் கான்சாஸின் குவிவிரா சரணாலயத்தைப் பாருங்கள்: 1957-லேயே பதிந்த உரிமை அதன் கையில் இருக்கிறது. பின்னால் வந்த ஆழ்துளைக் கிணறுகள் அந்த உரிமையைப் பாதிக்கின்றன என்று 2016-இல் மாநில அரசே முடிவுசெய்தது. அதன் பிறகும் சரணாலயத்துக்கு நீர் தரும் ஓடைக்குத் தண்ணீர் தானாகத் திரும்பிவிடவில்லை.

ஆகவே அரபாஹோவில் ஆற்று வழியை முதன்மையாக வைத்து, சில குளங்களை மட்டும் வாத்துகளுக்காக முறைவைத்து நிரப்பி, முறைவைத்துக் காயவிடுவேன். லாரமியில் நடப்பதைத் தொடர்வேன். கூடவே, பழைய பாசன முறையை விடாதிருக்கப் பக்கத்துப் பண்ணைக்காரர்களோடு பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுவேன். இரண்டு திட்டத்திலும் ஒரு பக்கத்தைக் கூடுதலாகச் சேர்ப்பேன்: பனி பாதியாகக் குறைந்த வருஷத்தில் முதலில் கைவிடும் குளம் எது, அடுத்தது எது, எது வந்தாலும் விடாதது எது என்று பெயர் சொல்லி எழுதிய வரிசை.