லண்டனில் "வரலாற்றுப் பப்" நடைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்

ஹீத்ரோவில் விமானம் மாறும் இடைவெளியில் நகருக்குள் சென்று லண்டனின் பழைய பப்களைப் பார்த்து வரலாம் என்று திட்டமிடுபவர்கள், இணையத்தில் முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டு வழிகாட்டியுடன் நடை நடத்தும் நிறுவனங்களைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். என் கணவரும் நானும் சென்னை திரும்பும் வழியில் அப்படி ஒரு நிறுவனத்தால் ஏமாற்றப்பட்டோம். போனது பணம் மட்டுமானால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். மறுநாள் காலையில் விமானம் ஏற வேண்டிய எங்களுக்கு அந்த மாலைப்பொழுது ஒன்றுதான் இருந்தது, அதுவும் வீணாயிற்று.

அவர்களுடைய விளம்பரத்தில், சதர்க் பகுதியிலுள்ள ஜார்ஜ் விடுதி என்னும் பழைய பப்பின் மரத்தாழ்வாரப் படம் பெரிதாக இருந்தது. நூற்றாண்டுகள் பழமையான நான்கு பப்களுக்கு அழைத்துச் செல்வதாகவும், ஒவ்வொன்றிலும் ஒரு பைன்ட் பீர் கட்டணத்திலேயே அடங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு 45 பவுண்டு கட்டினோம்.

வழிகாட்டியாக வந்த இளைஞர் எங்களை முதலில் செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகிலுள்ள ஒரு பப்புக்கு அழைத்துச் சென்று, அது 1500களில் கட்டப்பட்டதென்றும், மேலே தெரியும் ஓக் உத்தரங்கள் அன்றையவையே என்றும் சொன்னார். 1666 செப்டம்பரில் பரவிய பெருந்தீயில், பழைய மதிலுக்குள் இருந்த லண்டனின் பெரும்பகுதியும் செயின்ட் பால் தேவாலயமும் எரிந்துபோயின. அழிந்த வீடுகள் மட்டும் சுமார் 13,200. அந்தத் தீயின் நடுப்பகுதியில் ஒரு மரக்கட்டடம் எப்படித் தப்பியது என்று என் கணவர் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. உத்தரங்களை நிமிர்ந்து பார்த்தேன். அடுத்தடுத்த மூன்றில் ஒரே வடிவமுள்ள கணு ஒரே இடத்தில் இருந்தது. மரத்தில் அப்படி அமையாது, அச்சில் வார்த்த பொருளில்தான் அமையும். அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. நிறுவனம் கொடுத்த தாளைத்தான் அவர் ஒப்பித்தார்.

அடுத்து அழைத்துச் சென்ற இரண்டு இடங்களிலும் இதே மாதிரி சுவர், இதே மாதிரி விளக்கு, இதே உணவுப் பட்டியல். பைன்ட் என்றால் 568 மில்லிலிட்டர். எங்களுக்குக் கிடைத்தது ஒவ்வோரிடத்திலும் அதில் பாதி. ஜார்ஜ் விடுதியை முற்றத்தில் நின்றபடி காட்டிவிட்டு, உள்ளே கூட்டமாக இருக்கிறது என்று சொல்லி நகர்த்திவிட்டார்கள். 1676இல் சதர்க்கில் நேர்ந்த தீக்குப் பின் மறு ஆண்டு எழுப்பப்பட்ட கட்டடம் அது. லண்டனில் தாழ்வாரத்தோடு எஞ்சியிருக்கும் ஒரே குதிரைவண்டிக்காலத்து விடுதி. ரயில்வே நிறுவனம் மற்றப் பக்கங்களை இடித்துவிட, இன்று ஒரு பக்கம்தான் மிச்சம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்குச் சொந்தமான அவ்விடத்தில் யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்து நுழைந்து ஒரு குவளை வாங்கி அமரலாம். எதற்காக அந்தப் படத்தை நம்பிப் பணம் கட்டினோமோ, அதன் வாசலைத் தாண்டி அவர்கள் எங்களை அழைத்துச் செல்லவில்லை.

கடைசியாகச் சென்ற பப்பில் இரவு உணவு சொன்னோம். ரசீதில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்திருந்தது. வழக்கமான பப்பில் நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணம் கொடுத்து வாங்கிக்கொள்வதால் இத்தகைய கட்டணம் இருப்பதில்லை. விருப்பக் கட்டணம் என்று ரசீதில் அச்சிட்டிருந்தால், நீக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. நாங்கள் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நீக்கினார்கள். ஆனால் அட்டை இயந்திரத்தில் பவுண்டா ரூபாயா என்ற கேள்வி வந்தபோது, ஊழியர் எங்களிடம் காட்டாமலேயே ரூபாயை அழுத்திவிட்டார். அதன் மாற்று விகிதம் எங்கள் வங்கியினுடையதைவிட மிகவும் மோசமாக இருந்தது என்பது வீடு திரும்பிக் கணக்கைப் பார்த்தபோது தெரிந்தது. இயந்திரத்தைக் கையில் வாங்கி, பவுண்டு என்பதை நீங்களே அழுத்துங்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஆண்டு கட்டடத்தின் வயதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மனையில் முதன்முதலில் மது விற்கப்பட்ட ஆண்டாகவும் இருக்கலாம். ஹை ஹோல்பர்னிலுள்ள சிட்டி ஆஃப் யார்க் பப்பின் மனைக்கு 1430 வரை வரலாறு சொல்வார்கள், இன்றுள்ள கட்டடமோ 1920களைச் சேர்ந்தது. அது பார்க்கத் தகுந்த இடம்தான். உண்மையைத் தெரிந்துகொண்டு பார்க்கலாம். ஒரு கட்டடத்தின் காலத்தைச் சரிபார்க்க, ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1971இல் தொடங்கப்பட்ட கேம்ரா என்னும் பீர் ஆர்வலர் இயக்கம், உள்ளமைப்பு மாறாத பப்களைத் தனியே பட்டியலிட்டிருக்கிறது. நான் இவற்றை இந்தத் துயரத்துக்குப் பிறகே பார்த்தேன். எங்களை அழைத்துச் சென்ற முதல் மூன்று இடங்களில் ஒன்றுகூட இரண்டிலும் இல்லை.

எங்களுக்கு மிகவும் வலித்தது, உண்மையானவை பக்கத்திலேயே இருந்தன என்பதுதான். முதல் பப்பிலிருந்து பத்து நிமிட நடையில், ஃப்ளீட் தெருவை ஒட்டிய குறுகிய சந்தில், பெருந்தீக்கு மறு ஆண்டான 1667இல் மீண்டும் கட்டப்பட்ட யே ஓல்ட் செஷயர் சீஸ் இருக்கிறது. அதன்பின் ஆண்ட அரசர், அரசிகளின் பெயர்களை வாசலருகே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைந்த தூரத்தில் பிளாக் ஃப்ரையர். 1875ஆம் ஆண்டுக் கட்டடம், 1905 வாக்கில் பளிங்காலும் துறவியர் சிற்பங்களாலும் உள்ளே அலங்கரிக்கப்பட்டது, 1960களில் இடிக்கவிருந்தபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் போராடிக் காப்பாற்றியது. எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. அலுவலகங்கள் நிறைந்த அப்பகுதியில் சனி, ஞாயிறுகளில் பல பப்கள் மூடியிருக்கும் என்பதால், கிளம்புமுன் திறக்கும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியபோது, "பழமையான சூழல்" என்ற பொருளில்தான் விளம்பரம் செய்தோம் என்று நிறுவனம் பதில் அனுப்பியது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதை நம்பி வாடிக்கையாளர் முடிவெடுத்தால், அந்தச் சொல் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். அதைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. பிறகு, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் ரசீதுகளையும் இணைத்து, வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று எங்கள் அட்டை வங்கியில் முறையிட்டோம். நடைக்குக் கட்டிய தொகையில் ஒரு பகுதி திரும்ப வந்தது. இத்தகைய முறையீட்டுக்கு வங்கிகள் காலக்கெடு வைத்திருக்கின்றன. ஆகவே ஊர் திரும்பியதும் தாமதிக்காமல் எழுதுங்கள், விளம்பரப் பக்கத்தைப் பணம் கட்டும் அன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் கடிதம் சென்ற வாரத்திலேயே அந்நிறுவனம் "ஒரு பைன்ட்" என்ற சொற்களைத் தன் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டது.