மூன்று மசால்: எந்த நிலத்துக்கு எது?

குதிரை மசால், வேலிமசால், முயல் மசால் மூன்றும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் பயறுவகைத் தீவனப் பயிர்கள். புரதத்தை மட்டும் பார்த்தால் குதிரை மசால்தான் முன்னால் நிற்கும். உலர் எடையில் சுமார் 20 சதவீதம் இருக்கும். ஆனால் பயறுவகைத் தீவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கோடையில் கிணறு எவ்வளவு தாங்கும் என்பதைத்தான்.

குதிரை மசாலுக்கு வடிகாலுள்ள நல்ல மண்ணும் தவறாத பாசனமும் வேண்டும். கடும் வெயிலும் ஆகாது; ஜூலை முதல் டிசம்பர் வரை விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை, 25 செ.மீ. வரிசை. 75–80ஆம் நாள் முதல் அறுப்பு, பிறகு மாதத்துக்கு ஒன்று. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இதைவிடப் பெரிய தலைவலி கஸ்குட்டா. இலையே இல்லாத மஞ்சள் நூலாகப் பயிரைச் சுற்றிக்கொள்ளும் இந்த ஒட்டுண்ணி, விதையோடு விதையாகக் கலந்தே வயலுக்குள் வரும். கண்ட இடத்தில் பயிரோடு சேர்த்து அறுத்து எரித்துவிட வேண்டும். இன்னொன்று, பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் மாட்டுக்கு வயிறு உப்பும். முதலில் கொஞ்சம் வைக்கோல் காட்டுங்கள்.

வேலிமசால் (டெஸ்மாந்தஸ் விர்கேட்டஸ்) அந்த வகையில் பயமில்லாதது; இலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் உப்புசத்தைத் தடுக்கிறது. சூபாபுல் என்ற தீவன மரத்தில் இருக்கும் மைமோசின் நச்சும் இதில் கிடையாது. பாசனம் இருந்தால் எந்த மாதமும் விதைக்கலாம். மானாவாரி என்றால் ஜூன்–அக்டோபர். ஏக்கருக்கு இதற்கும் 8 கிலோதான், வரிசை 50 செ.மீ.

பலரும் கோட்டைவிடுவது விதை நேர்த்தியில். தோல் கடினமாக இருப்பதால் அப்படியே விதைத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு 80 டிகிரிக்குத் தணிந்ததும் விதையைப் போட்டு 5 நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அடுப்பிலிருக்கும் பாத்திரத்திலேயே கொட்டினால் முளைக்கரு வெந்துவிடும். பிறகு இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து, 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் விதையுங்கள்.

90ஆம் நாள் முதல் வெட்டு, அடுத்தடுத்து 40 நாளுக்கு ஒருமுறை, தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு. அடியோடு அறுத்தால் துளிர் குறையும். நாள் தள்ளினால் தண்டு விறகாகி, ஆடு இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுப் போய்விடும். பாசனத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 50 டன் வரை எடுக்கலாம். குதிரை மசாலில் 30 டன்னைத் தாண்டுவதே கடினம்.

முயல் மசால் இந்தப் போட்டிக்கே வராது. ஆனால் மழையை மட்டும் நம்பியிருக்கும் மேட்டு நிலம், மேய்ச்சல் காடு ஆகியவற்றுக்கு அதை விட்டால் வேறில்லை. ஏக்கருக்கு இரண்டரை கிலோ விதை போதும், அதே வெந்நீர் நேர்த்திதான். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் முழு மகசூல்.

பால்மாடும் ஆடும் சேர்த்து வளர்ப்பவருக்கு வேலிமசாலே சரி. மூன்று வரிசை கம்பு நேப்பியர் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் போட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெட்டுக்கு வரும். புல்லின் கரணை (தண்டுத் துண்டு) நடும் அன்றே வேலிமசால் விதையையும் போட்டுவிடுங்கள். புல் உயர்ந்த பிறகு விதைத்தால் நிழலில் நோஞ்சானாகவே நிற்கும்.