அப்பாவின் சைக்கிள் ஆறு கிலோ இளைத்த கதை

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் அலுவலகத்துக்குத் தினமும் சைக்கிளில்தான் போகிறேன். வண்டி அப்பாவுடையது, 22 அங்குல பார் சைக்கிள். ஓட்டுவதில் சிரமம் இல்லை. ராத்திரி மாடிப்படியில் தூக்கி ஏற்றுவதுதான் பெரும்பாடு. எடை போட்டுப் பார்த்தால் 22 கிலோ! அதை விற்க மனம் வராமல், திருவானைக்காவல் பக்கம் ஒரு சின்னக் கடையில் எடையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தேன்.

மட்கார்டு, கேரியர், செயின் கவர் மூன்றையும் கழற்றிவிடலாம் என்ற நினைப்பில்தான் போனேன். கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, மழை பெஞ்சா முதுகெல்லாம் சேறாயிடும். சாப்பாட்டுப் பையை எங்க வைப்பீங்க? முதல்ல சக்கரத்தைப் பார்ப்போம்" என்றார்.

பழைய சக்கரங்கள் இரும்பு ரிம். முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. அதை எடுத்துவிட்டு அலுமினிய ரிம், புது ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), இரண்டு பக்கமும் 36 கம்பி என்று அவரே கோத்து, பெண்டு எடுத்துக் கொடுத்தார். நான்கு மாதம் ஆகிறது, சக்கரம் இம்மியும் ஆடவில்லை. இரும்புத் தண்டுகள் இழுக்கும் பழைய கம்பி பிரேக் போய் கேபிள் பிரேக் வந்தது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மழை நாளில் சிக்னல் வரும் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அலுமினியத்தில் அந்தப் பயம் விட்டது. எடைக்காகச் செய்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலில் 18 பல் இருந்ததை 20 ஆக்கினார். முன்னால், பெடல் பக்கம், அதே 44 பல். வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் ஆடி மாதத்தில் காவிரிப் பாலத்தில் மேற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும் சீட்டை விட்டு எழுந்திரிக்காமல் மிதிக்க முடிகிறது. காட்டர் பின் என்ற ஆப்பு ஆணி வைத்து இறுக்கிய பழைய கிராங்கையும் (பெடலைத் தாங்கும் கை) மாற்றியதில் 'டக் டக்' சத்தம் போயிற்று.

குறையும் இருக்கிறது. பத்து நாள் என்றவர் 23 நாள் எடுத்துக்கொண்டார். ரிம்மின் விட்டம் 635-லிருந்து 622 மில்லிமீட்டர் ஆனதால், பிரேக் கட்டை ரிம்மை எட்டுகிற மாதிரி நீளக் கை உள்ள பிரேக் தேடி அலைந்தாராம். சரி, அதை ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வீணாக நடந்தேன். முதல் வாரமே பின் பிரேக் கேபிள் தளர்ந்தது, காசு வாங்காமல் முறுக்கிக் கொடுத்தார். அவர் போட்ட மெல்லிய சீட் எனக்கு ஒத்துவரவில்லை. அப்பாவின் ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டையே திரும்ப மாட்டிவிட்டேன். அதில் அரைக் கிலோ கூடினாலும் பரவாயில்லை.

இப்போது எடை 16 கிலோவுக்குச் சற்று மேல். மொத்தம் 9,400 ரூபாய் ஆனது. போவதானால் காலையில் போங்கள். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஞ்சர் ஒட்ட வரிசையில் நிற்பார்கள், அவருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.