மலாய் ஆவதா, தயாக்காகவே இருப்பதா?

போர்னியோ தீவின் பூர்வகுடிகளைத் தயாக் என்பார்கள். அந்தத் தீவில் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் மாகாணத்தில் ஒரு தயாக் இஸ்லாத்தைத் தழுவினால், 'மாசுக் மெலாயு' என்பார்கள். முஸ்லிம்களான மலாய் இனத்துக்குள் போய்விட்டார் என்று அர்த்தம். மதம் மாறினால் இனமே மாறிவிடும் கணக்கு. இதில் ஒரு வசதி உண்டு. பன்றிக்கறி வேகும் அடுப்பு, துவாக் என்ற அரிசிக்கள் சுற்றிவரும் விருந்து, இவற்றிலிருந்து ஒரேயடியாக விலகிவிடலாம். ஆனால் தாய்மொழியும் அடுத்த தலைமுறையில் மெல்ல நழுவும்.

அதே தீவின் தெற்கே, பாரித்தோ ஆற்றங்கரையின் பாக்கும்பாய் மக்கள் வேறு வழி போனவர்கள். அவர்கள் வாழும் மாராபாஹான் ஊர்ப் பக்கம் போனால் தொழுகை, நோன்பு எல்லாம் உண்டு; பேசுவதோ ஙாஜு என்ற தயாக் பிரிவினரின் மொழிக்கு மிக நெருங்கிய மொழி. 'நாங்கள் முஸ்லிம் தயாக்' என்று சொல்பவர்கள் அவர்களில் உண்டு. எல்லாம் சுமுகம் என்றும் சொல்ல முடியாது. ஆவிகளை அழைத்து நோய் தீர்க்கும் பாதேவா சடங்கு ஏகத்துவத்தோடு நேராக மோதும். மூங்கிலில் கோழியை அடைத்துச் சுடும் சமையலுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோழி ஹலாலாக இருந்தால் போதும்.

செல்போன் வந்தபின் முதல் வழி கடினமாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. ஊரைவிட்டு வந்தவரையும் அத்தை மகன் அனுப்பும் சாப்பே என்ற தயாக் நரம்பு வாத்தியத்தின் இசை வீடியோ வாட்ஸ்அப்பில் தேடி வந்துவிடும். இரண்டாவது வழிக்கும் அதே போன்தான் வில்லங்கம். முக்காடு போட்ட பெண் இருவாச்சி இறகோடு ஆடினால், முன்பு ஊர் மட்டும் பார்க்கும். இப்போது முகம் தெரியாதவர்களும் கமென்டில் ஃபத்வா கொடுப்பார்கள். இருந்தாலும் என் ஓட்டு பாக்கும்பாய் வழிக்குத்தான்.