அம்மாவின் கக்குவான் இருமலும் யீஷூன் கிளினிக்கும்

அம்மாவுக்கு மூன்று வாரமாக விடாத இருமல். பகலில் கொஞ்சம் அடங்கும், ராத்திரி ஆனால் மூச்சு இழுக்கக்கூட இடைவெளி இல்லாமல் இருமி இருமி, கடைசியில் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்துவிடும். முதலில் போன கிளினிக்கில் சிரப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான் சத்தத்தைக் கேட்டுவிட்டு, நூறு நாள் இருமலாக இருக்கப் போகிறது, போய்ப் பாருங்கள் என்றார். கக்குவானுக்குச் சீனத்தில் அதுதான் பெயர்.

அப்புறம்தான் சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சின்னக் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் மூக்கில் குச்சி விட்டு பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். கக்குவானேதான். சின்ன வயதில் போட்ட ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறைந்துவிடுமாம். 5 நாளைக்கு அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்து, “இது கிருமியைக் கொல்லும், மற்றவர்களுக்குப் பரவாது, ஆனால் இருமல் உடனே நிற்காது, கிருமி விட்ட நச்சு ஏற்கெனவே வேலையைக் காட்டிவிட்டது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தமிழ்த் தாதி ஒருவர் பக்கத்தில் நின்று அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளக்கினார்.

இருமலுக்கென்று மருந்தே இல்லையா என்று கேட்டேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் டாக்டர் உட்கார்ந்து சொன்னார். அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் செல்களில் சமிக்ஞையை வாங்கும் எஸ்1பி ஏற்பிகளைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளை, கக்குவான் கிருமி தொற்றிய எலிகளுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமி குறையவில்லை, ஆனால் நுரையீரல் அழற்சி குறைந்தது. “ஆனால் அது எலிகளில் நடந்த சோதனைதான், அதனால் இருமல் நிற்குமா என்று எலியை வைத்துச் சொல்ல முடியாது” என்றார். ஆசை காட்டாமல் அப்படிப் பேசியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

தம்பி மனைவி ஆறு மாத கர்ப்பம் என்றதும் அவளையும் வரச்சொல்லி கக்குவானைத் தடுக்கும் டிடாப் ஊசி போட்டார். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 16 முதல் 32 வாரத்துக்குள் போட வேண்டுமாம், குழந்தைக்குக் கக்குவானுக்கான முதல் ஊசி 2 மாதத்தில்தான் என்பதால் அதுவரை தாயிடமிருந்து வரும் எதிர்ப்பு சக்திதான் பாதுகாப்பு. இதை எங்களுக்கு முன்பு யாருமே சொன்னதில்லை.

ஆறாவது வாரம் இது. அம்மா இன்னும் இருமுகிறார், ஆனால் வாந்தி நின்றுவிட்டது, நடுவில் நாலு மணி நேரமாவது தூங்குகிறார். போகிறவர்கள் திங்கட்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள், நாங்கள் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.