லொரன்ஸ் மாதிரியா, சார்னி–டெவோர் மாதிரியா?

காற்றோட்டம் எப்போது நிலைக்கிறது, எப்போது குலைகிறது என்று கணினியில் போட்டுப் பார்க்க நினைக்கும் மாணவர்கள் பலர் இந்த இரண்டு எளிய கணித மாதிரிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

எதைப் பற்றியது?
லொரன்ஸ் (1963): கீழே சூடாக்கப்படும் பாய்மப் படலத்தின் சுழற்சி.
சார்னி–டெவோர் (1979): மலைத்தொடர்மேல் வீசும் மேலைக்காற்று.

எவ்வளவு வேலை?
லொரன்ஸ்: மூன்றே சமன்பாடுகள். பைத்தானில் ஒரு மாலை போதும்.
சார்னி–டெவோர்: மிகச் சுருக்கினால் இதுவும் மூன்றுதான். ஆனால் காற்றின் சுழலும் தன்மையை விவரிக்கும் சுழிமைச் சமன்பாட்டிலிருந்து வருவிப்பதற்குள் பாதி நோட்டு தீர்ந்துவிடும்.

நிலைத்தன்மை எப்படி?
லொரன்ஸில் வெப்ப அளவுரு (எவ்வளவு சூடாக்குகிறோம் என்பதைக் குறிக்கும் எண்) 1க்குக் கீழே இருந்தால் அசைவே இல்லை. தாண்டினால் சீரான சுழற்சி. மற்ற அளவுருக்களை வழக்கமான மதிப்புகளில் வைத்தால், 24.74ஐக் கடந்ததும் அதுவும் குலையும். 28இல் வைத்து, தொடக்க நிலையை ஐந்தாம் தசமத்தில் மட்டும் மாற்றி இருமுறை ஓட்டுங்கள். கொஞ்ச நேரம் ஒட்டிப்போகும் கோடுகள் சட்டென்று பிரியும். முதல்முறை பார்த்தபோது நிரலில்தான் பிழை என்று நினைத்தேன்!

சார்னி–டெவோரில் ஒரே உந்துவிசைக்கு மூன்று சமநிலைகள் கிடைக்கும். ஒன்றில் காற்று ஏறக்குறைய நேராகக் கிழக்கே ஓடும், இன்னொன்றில் பெரிய அலையாக வளைந்து தேங்கும். இவை நிலையானவை; இடையில் இருப்பது நிலையற்றது. ஐரோப்பாவின் மேல் உயரழுத்தம் நாள்கணக்கில் நகராமல் நிற்பதற்கு இது ஒரு விளக்கம். இதில் நான் காணும் குறை, வெளியிலிருந்து இரைச்சல் (தற்செயலான சிறு உலுக்கல்கள்) சேர்க்காவிட்டால் ஓட்டம் ஒரு நிலையிலேயே உட்கார்ந்துவிடும்.

முன்கணிப்பு ஏன் தவறுகிறது என்று காட்டவா? லொரன்ஸ். ஒரே வானிலை ஏன் பிடிவாதமாக நீடிக்கிறது என்பதற்கா? சரி, நோட்டு வாங்குங்கள்.