‘யாரும் கைவைக்காதது’ என்று விற்றார்கள், உள்ளே வெடிமருந்து இருந்தது

பழைய ராணுவத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்த 1842 மாடல் மஸ்கட் (நீளக்குழல் ராணுவத் துப்பாக்கி) ஒன்றை, “அருமையான நிலை, யாரும் கைவைக்காதது, குழல் சுத்தம்” என்று எழுத்திலேயே உறுதி கொடுத்து ஒரு பழம்பொருள் வியாபாரி எனக்கு விற்றார். மூன்றுமே பொய்.

துப்பாக்கியின் மரக்கட்டையைத் தடவியதுமே சந்தேகம் வந்தது. உப்புத்தாள் படாத துப்பாக்கியில் லாக் தகட்டை (சுடும் பொறியைத் தாங்கும் இரும்புத் தகடு) சுற்றியுள்ள மரம் தகட்டுக்குச் சமமாகவோ துளி மேலாகவோ நிற்கும். இதில் மரம் தாழ்ந்துபோய், தகட்டின் விளிம்பு நகத்தில் தட்டுகிறது. லாக்குக்கு எதிர்ப்பக்கம் மரத்தில் குத்தியிருக்க வேண்டிய பரிசோதகர் முத்திரையைக் காணோம். தேய்த்தே அழித்திருக்கிறார்கள்.

கேட்டால், “குழல் எப்படி மின்னுகிறது பாருங்கள்” என்கிறார். இந்த மாடல் பளிச்சென்ற குழலோடுதான் ராணுவத்துக்குப் போனது, அது உண்மை. ஆனால் பழைய பளபளப்பில் எழுத்துகள் கூர்மையாக இருக்கும். இதில் தகட்டில் பொறித்த கழுகுச் சின்னம் பாதி கரைந்துவிட்டது, குழலின் இடப்பக்க முத்திரைகள் வெறும் நிழலாகத் தெரிகின்றன. கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடி) வெடித்துச் சிதறும் உப்பு அரிப்பதால், நிறையச் சுட்ட துப்பாக்கியில் அந்தக் கேப்பை மாட்டும் துளையுள்ள முளையான நிப்பிளைச் சுற்றிச் சிறுசிறு குழிகள் இருப்பது இயல்பு. அந்தக் குழிகளை மறைக்கத்தான் இவ்வளவு தேய்ப்பும். பழுப்பேறிய துப்பாக்கியே எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததைப் பொறுக்க முடியாது.

குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் நிரப்பும் எந்தத் துப்பாக்கி வந்தாலும் நான் முதலில் ஒரு மரக்கோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே அடையாளமிடுவேன். அப்புறம் அதே கோலைக் குழலுக்கு வெளியே வைத்துப் பார்ப்பேன். காலிக் குழல் என்றால் கோலின் நுனி கிட்டத்தட்ட நிப்பிள் வரை வர வேண்டும். இதில் மூன்று விரற்கடை முன்பே நின்றுவிட்டது. விவரம் தெரிந்த துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்து எடுத்தால், உள்ளே ஈயக்குண்டும் அதன் பின்னால் கருமருந்தும்! ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். இந்த நிலையில் துப்பாக்கியைப் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள், வழியில் எத்தனை பேர் கைமாறியதோ.

வியாபாரி சொன்ன பதில்: “அலங்காரப் பொருள்தானே, சுடவா போகிறீர்கள்?” பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

இப்படி வாங்கியது எதுவும் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கினால், இன்றே மரக்கோலை விட்டு அளந்து பாருங்கள். நிப்பிளில் கேப் இருந்தால் அதுகூட வேண்டாம், கேப்பை அடிக்கும் சுத்தியலைத் தொடாமல் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.